கசிவைத் தடுக்கும் அழுத்தம்

லோடர் சிலிண்டரில் எண்ணெய் வழிந்தால் வருகிற தீர்ப்பு ஒன்றுதான்: "சீல் போயிடுச்சு." சீல் கிட் வாங்கி, அரை நாள் வண்டியை நிறுத்தி, பழைய ரப்பரைக் கழற்றிப் புதியதைப் போடுகிறார்கள். கசிவு நிற்கத்தான் செய்கிறது. சில வாரம் கழித்து அதே இடத்தில் எண்ணெயும் புழுதியும் சேர்ந்த அதே கறுப்புச் சகதி. இந்த முறை பழி சீல் விற்ற கடைக்காரர் மேல் விழும்.

விழுப்புரம் பக்கத்துச் செங்கல் சூளை ஒன்றில் இந்தப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. டிராக்டருக்கு முன்னால் பூட்டிய லோடர். வலது பக்கத் தூக்கு சிலிண்டரின் வாயில் எண்ணெய். "அண்ணே, போன மாசந்தான் சீல் போட்டுச்சு. ஒரிஜினல் சீலுண்ணே" என்றார் ஓட்டுநர். மெக்கானிக் சீலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. லோடர் கைகளை உயர்த்தி, மறுபடி இறக்கி, பக்கெட்டைத் தரையில் பதியவைத்து இஞ்சினை நிறுத்தச் சொன்னார். ராடில் வெளியே தெரிந்த பகுதியைத் துணியால் துடைத்தார். கட்டைவிரல் நகத்தை ராடின் மேல் வைத்து, நீளவாக்கில் அல்ல, வளையல் சுற்றியிருக்கிற வாக்கில் மெல்ல நகர்த்தினார். ஓரிடத்தில் நகம் தட்டியது.

"சீல் புதுசு தம்பி. ராடு பழசுதானே?"

நகத்தில் தட்டிய அந்தக் கீறலின் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குதான் இருக்கும். ஐந்தாறு லிட்டர் எண்ணெய் அதன் வழியாகத்தான் போயிருக்கிறது. எப்படிப் போனது என்று தெரிய வேண்டுமானால், அந்த எண்ணெய் சிலிண்டருக்குள் என்ன பாடு படுகிறது என்று முதலில் பார்த்துவிட வேண்டும்.

லோடரின் அமைப்பு எளிமையானது. இஞ்சின் ஒரு பம்பைச் சுற்றுகிறது. பம்ப் எண்ணெயை வால்வுக்கு அனுப்புகிறது. லீவரை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கத்து ஹோஸ் வழியாக எண்ணெய் சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டனுக்கு மறுபுறம் இருந்த எண்ணெய் இன்னொரு ஹோஸ் வழியாகத் தொட்டிக்குத் திரும்பும். பல டிராக்டர்களில் தனித் தொட்டியே கிடையாது. பின்புறக் கியர் பெட்டியில் இருக்கிற எண்ணெய்தான் லோடருக்கும் சுற்றி வருகிறது. அப்படிப்பட்ட வண்டியில் லோடர் கசிந்தால் குறைவது கியருக்கும் ஆயில் பிரேக்குக்குமான எண்ணெய். 'கொஞ்சம்தானே ஒழுகுது' என்று ஓட்டுபவர்களுக்கு இது தெரிந்திருப்பதில்லை.

பம்ப் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பம்ப் உண்டாக்குவது ஓட்டத்தை மட்டுமே. ஓடுகிற எண்ணெயை எதிர்த்து ஏதாவது நின்றால்தான் அழுத்தம் பிறக்கும். எதிர்த்து நிற்பது பக்கெட்டில் இருக்கும் சுமை. வெறும் பக்கெட்டைத் தூக்கும்போது அழுத்தமானி சோம்பலாகக் கொஞ்சம் நகரும். ஈர மண்ணை அள்ளித் தூக்கினால் எகிறும். ஓர் எல்லையைத் தொட்டதும் ரிலீஃப் வால்வு திறந்து, மிச்ச எண்ணெயைத் தொட்டிக்கே திருப்பிவிடும். டிராக்டர் லோடர்களில் இந்த எல்லை பெரும்பாலும் 150 முதல் 200 பாருக்குள் இருக்கும். 175 பார் என்று வைத்துக்கொள்வோம். நம் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றைவிடச் சுமார் 1 பார்தான் அதிகம். அதைப்போல 175 மடங்கு.

பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். 175 பாரில் அதன்மேல் விழும் விசை சுமார் மூன்றரை டன். ஓர் ஆளின் கையளவே தடிமன் உள்ள ஒரு சிலிண்டர் அவ்வளவு தள்ளுகிறது. அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் குறையாமல் எல்லாத் திசைக்கும் பரவும் என்று பிளேஸ் பாஸ்கல் எழுதிவைத்தார். அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல், அது அச்சில் வந்தது. எல்லாத் திசைக்கும் என்பதில்தான் வில்லங்கம். சுமையைத் தூக்குகிற அதே 175 பார், ராடு வெளியே வருகிற வாயின்மீதும், ஹோஸின் ஒவ்வோர் இணைப்பின்மீதும், ஒவ்வொரு வளையத்தின்மீதும் அதே வலுவோடு முட்டிக்கொண்டிருக்கிறது.

விதி தெரிந்த பிறகும் அதை வைத்து உருப்படியான எந்திரம் வருவதற்கு நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. தடையாக நின்றதே கசிவுதான்.

லண்டனில் ஜோசப் பிராமா என்றொரு பூட்டுத் தொழிலாளி இருந்தார். தன் பூட்டைத் திறந்து காட்டுபவருக்கு 200 கினி தருவதாகக் கடை ஜன்னலிலேயே எழுதிவைத்த ஆசாமி. 1851இல் ஓர் அமெரிக்கர் நாட்கணக்கில் மல்லுக்கட்டித் திறக்கும்வரை அந்தப் பரிசு அப்படியே கிடந்தது. அந்தப் பிராமா 1795இல் நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். சிறிய பம்பை இயக்கினால் பெரிய உருளை மேலே எழுந்து எதையும் நசுக்கும். தாளில் அருமையாக இருந்தது. செய்து பார்த்தபோது உருளையைச் சுற்றி நீர் பீறிட்டது. உருளையைச் சுற்றி நார் திணித்து இறுக்கினார்கள். லேசாக இறுக்கினால் நீர் வந்தது; நீர் வராத அளவுக்கு இறுக்கினால் அந்தத் திணிப்பே உருளையைப் பிடித்துக்கொண்டது. அழுத்தத்தை விட்ட பிறகும் உருளை கீழே இறங்க மறுத்தது.

தீர்வு கண்டவர் பிராமாவின் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே என்ற இளைஞர் என்றே பொறியியல் வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். பின்னாளில் திருகு கடைசல் எந்திரத்துக்காகப் பேர் வாங்கியவர் இவர். திணிப்புக்குப் பதிலாக அவர் வைத்தது, ஓரம் மடிந்த ஒரு தோல் வளையம். குறுக்கே வெட்டிப் பார்த்தால் அதில் ஒரு பள்ளமும் இரண்டு உதடுகளும் இருக்கும். பள்ளத்தை அழுத்தம் இருக்கிற பக்கம் பார்த்தாற்போல் வைத்தார். நீர் பள்ளத்துக்குள் புகுந்து உதடுகளை விரிக்கிறது. ஓர் உதடு உருளைமேலும் மற்றது சுவர்மேலும் ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் ஏற ஏறப் பிடி இறுகும். அழுத்தம் போனால் பிடி தானாகத் தளரும், உருளை இறங்கிவிடும். வெளியே ஓடத் துடிக்கிற நீரையே வாசலுக்குக் காவல் வைத்துவிட்டார் மாட்ஸ்லே. இருபத்தைந்து வயதைத் தாண்டாத ஒருவருக்கு இது தோன்றியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பிராமா அவருக்குச் சம்பளம் உயர்த்தித் தர மறுத்ததும், 1797இல் அவர் வேலையை விட்டுத் தனிப்பட்டறை போட்டதும் வேறு கதை.

அந்தத் தோல் வளையத்தின் பேரப்பிள்ளைதான் இன்று சீல் கிட் பொட்டலத்துக்குள் வருகிறது. தோல் போய் நைட்ரைல் ரப்பரும் பாலியூரித்தேனும் வந்தன. 1906 வாக்கில் அமெரிக்கப் போர்க்கப்பல் பீரங்கி மேடைகளைச் சுழற்றும் எந்திரத்தில் நீருக்குப் பதில் எண்ணெய் வந்தது. துருவும் உறைவும் ஒழிந்தன. உயவும் இலவசமாகக் கிடைத்தது. டென்மார்க்கில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய நீல்ஸ் கிறிஸ்டென்சன், 1937இல், தம் எழுபதைத் தாண்டிய வயதில், ஓ ரிங்குக்கு விண்ணப்பித்தார். 1939இல் காப்புரிமை கிடைத்தது. பார்த்தால் வெறும் ரப்பர் வளையம். சூட்சுமம் வளையத்தில் இல்லை, அது உட்காரும் பள்ளத்தில் இருக்கிறது. பள்ளம் வளையத்தைவிட அகலம். அழுத்தம் வந்ததும் வளையம் மறுகரைக்கு ஒதுங்கி, இடுக்கில் தன்னைத் தானே திணித்துக்கொண்டு அடைக்கிறது. மாட்ஸ்லேயின் தோலில் வேலை செய்த அதே தந்திரம். போர் வந்ததும் அமெரிக்க அரசு அந்த உரிமையை எடுத்துக்கொண்டு எல்லா உற்பத்தியாளர்களுக்கும் திறந்துவிட்டது. கிறிஸ்டென்சனுக்குக் கிடைத்தது 75,000 டாலர்.

இதிலிருந்து பட்டறைக்கு நேராக ஒரு பாடம் வருகிறது. சிலிண்டர் வாயில் கசிந்தால் அதன் மூடியை இன்னும் இறுக்கிப் பயனில்லை. அங்கே அடைப்பது நம் பானாவின் முறுக்கு அல்ல, எண்ணெயின் அழுத்தம். உதடு ராடோடு ஒட்டி நிற்க முடியாதபடி எது தடுக்கிறது என்று தேடுவதுதான் வேலை.

சிலிண்டர் வாயை வெளியிலிருந்து உள்ளே போனால் முதலில் வருவது தூசி வழிக்கும் வளையம், வைப்பர். அடுத்து உதடு உள்ள ராடு சீல். அதற்கும் உள்ளே ராடை நடுவில் தாங்கிப் பிடிக்கும் புஷ். மூடிக்கும் சிலிண்டர் குழாய்க்கும் இடையே ஓர் ஓ ரிங். ராடு வெளியே வரும்போது அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்று சீலைத் தாண்டி வருகிறது. உள்ளே போகும்போது படலமும் திரும்பிப் போகிறது. படலம் இருந்தாக வேண்டும். எண்ணெய் துளிகூட ஒட்டாமல் காய்ந்திருக்கும் ராடு ரப்பரை உரசியே தின்றுவிடும். ஆகவே ராடு பளபளப்பாக, தொட்டால் லேசாக வழுக்கினால் அது நோயல்ல. வாயோரத்தில் எண்ணெய் வளையம் கட்டி, அது சொட்டாக உருண்டு விழுந்தால்தான் கவலை.

ராடின் மேலிருக்கும் குரோம் பூச்சின் தடிமன் பொதுவாக இருபது, இருபத்தைந்து மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சூளையில் ஒரு கல் தெறித்து ராடில் பட்டாலோ, வைப்பரில் மணல் சிக்கி ராடோடு இழுபட்டாலோ இந்தப் பூச்சு கீறும். நீளவாக்குக் கீறல் என்பது சீலின் உள்பக்கத்தையும் வெளிப்பக்கத்தையும் இணைக்கிற வாய்க்கால். உதடு எவ்வளவு இறுகினாலும் அதன் அடிவரை இறங்காது. மெக்கானிக் நகத்தைச் சுற்றுவாக்கில் ஓட்டியது இதற்காகத்தான். நீளவாக்கில் ஓட்டியிருந்தால் கீறலோடு சேர்ந்து நகமும் போயிருக்கும், தட்டுப்பட்டிருக்காது.

குறுகிய இடுக்கில் திரவம் ஒழுகும் அளவு, இடுக்கின் உயரத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. உயரம் இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் இருபத்தேழு. 'நேத்துவரைக்கும் லேசாத்தான் இருந்துச்சு, இன்னைக்குக் கொட்டுது' என்ற புலம்பலுக்குக் காரணம் இந்தக் கணக்கு. கூடவே இன்னொரு கணக்கும் உண்டு: எண்ணெயின் பிசுபிசுப்பு குறையக் குறையக் கசிவு கூடும். 46 என்று எண் போட்டு விற்கும் ஹைட்ராலிக் எண்ணெயின் பாகுநிலை 40 டிகிரி செல்சியஸில் 46 சென்டிஸ்டோக். 100 டிகிரியில் 7க்குப் பக்கம் இறங்கிவிடும். காலையில் சொட்டாத சிலிண்டர் மதியம் சொட்டுவது இதனால்தான். கசிவு பார்க்க வந்த மெக்கானிக்கிடம் குளிர்ந்த வண்டியைக் காட்டிப் பயனில்லை.

சொட்டைக் குறைத்து எடைபோடக் கூடாது. ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் இருபது சொட்டு. நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாள் முழுக்க நான்கு லிட்டருக்கு மேல் போய்விடும்.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது பழுது பார்ப்பதைவிடக் கடினம். எண்ணெய் பிறக்கிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் இன்னொன்று. மேலே ஹோஸ் இணைப்பில் கசிந்தது லோடர் கையின் உட்புறமாக ஊர்ந்து, அடிமுனையில் திரண்டு விழும். பழி அங்கே இருக்கிற சிலிண்டருக்குப் போகும். எனவே முதல் வேலை கழுவுவது. சோப்பு நீரோ டீசலோ விட்டுச் சகதியை எடுத்து, நன்றாகக் காயவிட்டு, சந்தேகப்படும் இடங்களில் முகப்பவுடரைத் தூவிவிட்டு, வண்டியைக் கொஞ்ச நேரம் வேலை வாங்க வேண்டும். பவுடரில் முதலில் கறுக்கிற இடம்தான் ஊற்று. வாசனைப் பவுடர் என்று பட்டறையில் கேலி செய்தாலும் இதைவிட மலிவான கருவி இல்லை. புறஊதா விளக்கில் ஒளிரும் சாயத்தை எண்ணெயில் கலந்தும் தேடலாம்.

ஒன்றை மட்டும் செய்யக் கூடாது. ஹோஸின்மேல் கையை வைத்துத் தடவிப் பார்க்கவே கூடாது.

ஹோஸ் என்பது வெறும் ரப்பர்க் குழாய் அல்ல. உள்ளே எண்ணெய் தாங்கும் ரப்பர், அதன்மேல் எஃகுக் கம்பியால் பின்னிய ஒன்று அல்லது இரண்டு உறை, வெளியே வெயிலையும் உரசலையும் தாங்கும் ரப்பர். அழுத்தத்தைச் சுமப்பது கம்பிப் பின்னல். நல்ல ஹோஸ் தன்மேல் அச்சிட்ட வேலை அழுத்தத்தைப்போல நான்கு மடங்கு வரை வெடிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. வெளி ரப்பர் லோடர் கையில் உரசித் தேய்ந்தால் மழைநீர் கம்பிக்குப் போய்த் துருப்பிடிக்கும். ஒவ்வோர் இழையாக அறும். ஒரு நாள் ஊசித்துளை விழும்.

அந்தத் துளையிலிருந்து எண்ணெய் எவ்வளவு வேகத்தில் வரும் என்று 1640களில் டோரிசெல்லி தந்த சூத்திரத்தைக் கொண்டே கணக்கிடலாம். அழுத்தத்தை இரண்டால் பெருக்கி, எண்ணெயின் அடர்த்தியால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். 175 பாருக்கு வரும் விடை நொடிக்கு 200 மீட்டர். மணிக்கு 720 கிலோமீட்டர். நடைமுறையில் உராய்வு கொஞ்சம் குறைக்கும். ஆனால் தோலைத் துளைக்க 7 பார் அழுத்தமே போதும். தாரை மெலிதாக இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது, தெரிந்தாலும் லேசான புகைபோல இருக்கும். விரலில் பட்டால் எறும்பு கடித்த மாதிரி ஒரு புள்ளி. ரத்தம்கூட வராது. எண்ணெயோ தோலுக்கு அடியில், தசைநாண் உறைகளின் வழியாக உள்ளங்கைவரை போயிருக்கும். சில மணி நேரத்தில் வீங்கும், திசு சாகத் தொடங்கும். டீசல் இஞ்சினில் உயரழுத்தத்தில் பீய்ச்சிய எரிபொருள் இப்படித் திசுவுக்குள் புகுந்ததை 1937லேயே மருத்துவ இதழ் பதிவு செய்திருக்கிறது. ஆனாலும் இன்றும் புள்ளியைப் பார்த்துவிட்டு ஒரு டிடி ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடும் ஆபத்து இருக்கிறது. இது அவசர அறுவை சிகிச்சைக்குரிய காயம். முதல் ஆறு மணி நேரத்துக்குள் திறந்து கழுவாவிட்டால் விரல் போகும் வாய்ப்பு கூடிக்கொண்டே போகும். மருத்துவமனையில் "கையில் ஆயில் பட்டது" என்று சொன்னால் போதாது. "உயரழுத்தத்தில் ஆயில் உள்ளே பாய்ந்துவிட்டது" என்றே சொல்ல வேண்டும். ஊசித்துளையைத் தேட நீளமான அட்டைத் துண்டு போதும். அதைத் தாரை துளைத்தாலோ நனைத்தாலோ இடம் தெரிந்துவிடும்.

ஊசித்துளை விழுந்த ஹோஸில் ரப்பர் டியூபைச் சுற்றிக் கட்டி ஓட்டுகிறவர்களுக்கு என்ன சொல்வது? ஹோஸை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். அது உரசிய இடத்தையும் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் அதே இடத்தில் போகும்.

சிலிண்டரைக் கழற்றும் முன் பக்கெட் தரையில் இருக்க வேண்டும், இஞ்சின் நின்றிருக்க வேண்டும், லீவர்களை எல்லாப் பக்கமும் சில தடவை அசைத்து உள்ளே சிக்கியிருக்கும் அழுத்தத்தை விட்டுவிட வேண்டும். அப்படியும் நட்டை ஒரேயடியாகக் கழற்றாமல் கால் சுற்றுத் தளர்த்தி, எண்ணெய் வடியவிட்டுப் பிறகு தொடர்வதே முறை. மூடி திறந்து ராடை உருவியதும் பழைய சீலைக் குப்பையில் எறிவது வழக்கம். நான் சொல்வேன், அந்த வண்டியிலேயே அதிகத் தகவல் உள்ள பொருள் அதுதான். கெட்டியாகி, வளைத்தால் வெடிக்கிறதா? எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ரிலீஃப் வால்வு அடிக்கடி திறக்கிறதா, எண்ணெய் குறைவாக ஓடியதா என்று பார்க்க வேண்டும். உதடு ஓரிடத்தில் மட்டும் மென்று துப்பினாற்போல் இருக்கிறதா? அதற்கு நேரே ராடில் கீறல் இருக்கும். ஒருபக்கம் மட்டும் தேய்ந்து, பின்புறம் ரப்பர் இடுக்கில் பிதுங்கியிருக்கிறதா? புஷ் தேய்ந்து ராடு சரிந்து ஓடுகிறது, அல்லது ராடே வளைந்திருக்கிறது. புது சீல் போட்டாலும் அந்தக் கதிதான். ஊதிக் கொழகொழவென்று இருந்தால் எவரோ பொருந்தாத எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். பிரேக் ஆயில் ஊற்றினால் நைட்ரைல் ரப்பர் அப்படித்தான் ஆகும். 'லீக் நிறுத்தும்' மருந்து என்று டப்பாவில் விற்பதும் ரப்பரைக் கொஞ்சம் ஊதவைக்கிற வேலைதான். கீறலை அது என்ன செய்யும்?

ராடில் கீறல் லேசானது என்றால், மிக நைசான உப்புத்தாளை எண்ணெயில் நனைத்துச் சுற்றுவாக்கில் தேய்த்து அதன் கூர்மையை மழுக்கலாம். நீளவாக்கில் தேய்த்தால் ஒரு வாய்க்காலுக்குப் பதில் நூறு வாய்க்கால். நகம் நன்றாகத் தட்டுகிற கீறலுக்கும், குரோம் உரிந்து துரு தெரிகிற குழிக்கும் உப்புத்தாள் உதவாது. ராடு லேத்துப் பட்டறைக்குப் போய்ச் சாணை பிடித்து மறுபடி குரோம் ஏற்றி வர வேண்டும். அந்தச் செலவுக்குத் தயங்கி வெறும் சீலை மாற்றுவதால்தான் மாதாமாதம் பஞ்சாயத்து.

புது சீலை உள்ளே நுழைப்பதற்கென்று ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. வளையத்தை எண்ணெயில் தோய்த்து, இரண்டு விரலால் உள்நோக்கி மடித்துச் சிறுநீரக வடிவுக்குக் கொண்டுவந்து, மூடியின் உள்பள்ளத்தில் வைத்து விட்டுவிட்டால் தானாக விரிந்து உட்காரும். உதட்டுப் பள்ளம் எண்ணெய் இருக்கும் பக்கம், அதாவது சிலிண்டருக்கு உள்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எண்ணெய் உதட்டை விரிக்காமல் விலக்கிவிடும். முதல் தூக்கலிலேயே பீறிடும். வைப்பர் இதற்கு நேர்மாறு, அதன் உதடு வெளியே பார்க்கும். ராடின் மரைக்குமேல் சீலைத் தள்ளும்போது மரைமுனை ரப்பரை அறுத்துவிடாமல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொள்வது நல்லது. உள்ளே போவதற்குள் அறுந்துபோன புது சீல்கள் ஏராளம்.

இணைப்புகளில் டெஃப்லான் டேப் சுற்றும் பழக்கம் தண்ணீர்க் குழாய் வேலையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. ஹைட்ராலிக் இணைப்புகள் பலவற்றில் அடைப்பது மரை அல்ல. கூம்பு முகமோ அங்கே உட்காரும் ஓ ரிங்கோதான். மரையில் டேப் சுற்றினால் அடைப்பு அதிகமாகாது, பிய்ந்த நூல் வால்வுக்குள் போய்ச் சிக்கிக்கொள்வதுதான் மிச்சம்.

எல்லாம் பூட்டி, குறைந்த எண்ணெயை ஊற்றி, சுமையில்லாமல் மெதுவாகச் சில தடவை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றினால் வேலை முடிந்தது. ராடில் லேசான பளபளப்பு மட்டும், சொட்டு இல்லை. மறுநாள் காலையில் ஓட்டுநர் வந்து புகார் சொல்கிறார்: "ராத்திரி தூக்கி நிறுத்தின கை காலையில தரைக்கு வந்துடுச்சுண்ணே. உள்ள பிஸ்டன் சீலும் போச்சு போல."

அநேகமாக இல்லை. இந்த இடத்தில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள்.

லீவரை நடுவில் விட்டால் வால்வு இரண்டு ஹோஸையும் அடைத்துவிடுகிறது. தூக்கு சிலிண்டரில் சுமை ராடை உள்ளே தள்ளப் பார்க்கிறது. பிஸ்டனின் இரு பக்கத்து எண்ணெயையும் பிரித்து வைக்கும் பிஸ்டன் சீல் முழுக்கப் போய்விட்டதாகவே வைத்துக்கொள்வோம். பிஸ்டனுக்கு அடியிலிருக்கும் எண்ணெய் மேலே போகத் தடையில்லை. ஆனால் மேலே ராடும் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ராடு ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டுமானால், அதன் பருமனளவு எண்ணெய் சிலிண்டரை விட்டு வெளியேறியாக வேண்டும். வெளியே வழி இல்லை. எனவே ராடு நிற்கும். அழுத்தம் மட்டும் மாறும்: 50 மில்லிமீட்டர் பிஸ்டன், 25 மில்லிமீட்டர் ராடு என்றால் ராடின் பரப்பு பிஸ்டனின் பரப்பில் கால்வாசி. ஒரு டன் சுமையை முதலில் 50 பார் தாங்கியது. இப்போது இரண்டு பக்கமும் 200 பார் ஆகி அதே சுமையைத் தாங்கும். அந்த அழுத்தத்தில் எண்ணெய் சுருங்குவது நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேல், எனவே ராடு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இறங்கி நின்றுவிடும். தரைவரை வராது.

பக்கெட்டைச் சாய்க்கும் சிலிண்டரின் கதை வேறு. பெரும்பாலான டிராக்டர் லோடர்களில் பக்கெட் கவிழும்போது ராடு வெளியே வருகிறது. அதாவது சுமை ராடை இழுக்கிறது. பிஸ்டனைத் தாண்டிவரும் எண்ணெய்க்கு அங்கே அடிப்பக்கத்தில் இடம் தாராளம். ஆகவே பக்கெட் தானாக மூக்கைக் கவிழ்த்தால் பிஸ்டன் சீலைச் சந்தேகிக்கலாம். கை தானாக இறங்கினால், வெளியே எங்கும் எண்ணெய் சொட்டாதபோது, சந்தேகம் வால்வின்மேல்தான் போக வேண்டும்.

வால்வுக்குள் இருக்கும் ஸ்பூல் என்ற உருளைக்கு எண்ணெயை அடைக்க ரப்பர் சீலே கிடையாது. சில மைக்ரான் இடைவெளிவிட்டு உலோகத்துக்குள் உலோகம் நகர்கிறது. அந்த இடைவெளி வழியே எண்ணெய் எப்போதும் தொட்டிக்குக் கொஞ்சம் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும். அப்படித்தான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அழுக்கு எண்ணெய் பல ஆண்டு ஓடி இடைவெளி இரட்டித்தால், மூன்றாம் அடுக்குக் கணக்குப்படி ஒழுகல் எட்டு மடங்காகும். பிஸ்டன் சீலும் கூடவே போயிருந்தால் அழுத்தம் நான்கு மடங்காகி, அதே ஸ்பூலில் இன்னும் நான்கு மடங்கு. ஸ்பூலையும் அதன் வீட்டையும் ஒன்றுக்கொன்று ஒத்துப் பார்த்துச் சாணை பிடித்திருப்பார்கள். ஸ்பூலை மட்டும் தனியாக வாங்கிப் போட முடியாது. வால்வையே மாற்ற வேண்டும், இல்லையென்றால் எண்ணெயையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, வேலை முடிந்ததும் பக்கெட்டைத் தரையில் இறக்கி வைத்துவிட்டுப் போக வேண்டும். சூளை ஓட்டுநர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். புது வால்வுக்குத் தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.